பரியும் பரிகாரமும்

தமிழ் நூல்களிலே குதிரைக்கு வழங்கும் பெயர்கள் பல. பரி, மா, புரவி, இவுளி, கலிமா, பாய்மா என நிகண்டு நூலார் அடுக்கிக் கூறுவர். அதன் நடையையும் ஐந்து கதியாக வகுத்து, மயிலின் நடை, குரங்கின் நடை என உவமை வகையாற் பெயரிட்டு வைத்தனர். காவிரிப்பூம்பட்டினத்திற் கடல்வழியாக வந்திறங்கிய குதிரைகளைப் பட்டினப்பாலை குறிப்பிடுகின்றது. பாண்டவருள் ஒருவனாகிய நகுலன் விராடன் நகரிலே தாமக்கிரந்தி என்னும் பெயர் பூண்டு குதிரைப்பந்தி காத்தான் என வில்லிபுத்தூரார் பாரதம் கூறும். நிடதநாட்டு மன்னனாகிய நளன், வாகுகன் என்னும் பெயரோடு இருதுபன்னனிடத்தே தேரோட்டியாய் அமர்ந்தான். அரசகுலத்திற் பிறந்தோர் இருவர் தம்மை மறைத்து வாழ நேர்ந்த காலத்தும் குதிரை பேணுந் தொழிலை இழிவென்று கருதாது ஏற்றனர் என்பது ஈண்டுச் சிந்திக்கத் தக்கது.

ஆயினும், ஜிந்துப்பிட்டியிலும் கொட்டாஞ்சேனையிலும் வெள்ளவத்தையிலும் வளரும் எம் மாணாக்கர் உயிருள்ள குதிரையைக் காண்பது அரிது. கோயில் வேட்டைத் திருவிழாவில் எழுந்தருளும் மரக்குதிரை வாகனத்தை அவர் அறிவர். நுவரெலியாவுக்குச் சென்றால் கிறெகறி வாவிக்கரையிற் சிறுவர் ஏறிச் செல்லும் குதிரைகளைச் சிறிது நேரம் காண்பர். ஆதலால், பாடப்புத்தகத்திற் 'புரவி' என்னுஞ் சொல்லைப் படிக்கும்போது, அச்சொல்லின் பின்னே பசியும் நோவும் அச்சமும் உடைய ஓர் உயிர் நிற்கின்றது என்னும் எண்ணம் அவருக்கு எளிதில் எழுவதில்லை. நோயுற்றும் காலிலே ஊறுபட்டும் ஓய்ந்த ஒரு குதிரை, மீண்டும் மனிதனைத் தாங்கி நடக்குந் தகுதியை எவ்வாறு பெறுகின்றது என்பதை இலக்கியம், சரித்திரம், மிருக வைத்தியம் என்னும் மூன்றன் துணைகொண்டு ஆராய்வதே இக்கட்டுரையின் நோக்கமாகும்.

பாண்டிநாட்டிற் பட்ட குதிரைகள்

நல்ல குதிரை தமிழகத்தின் சொந்தச் செல்வமன்று. பெரும்பாலும் அது அரபு நாட்டிலிருந்தும் பாரசீகக் குடாக்கரையிலிருந்தும் மரக்கலங்களில் வந்தது. குதிரை வாங்குதற்காகப் பாண்டியன் தந்த பொருளோடு திருப்பெருந்துறைக்குச் சென்ற மணிவாசகரின் வரலாற்றை அறியாத சைவர் இலர். நரி பரியான கதையில் ஓர் அரசியல் உண்மையும் உளது. அரசின் திரவியத்திற் பெரும்பங்கு குதிரையின் பொருட்டுக் கடல் கடந்து சென்றது என்பதே அது.

பதின்மூன்றாம் நூற்றாண்டின் இறுதியிலே பாண்டிநாட்டுக் கரைக்கு வந்த வெனிசு நகரத்து யாத்திரிகர் மார்க்கோ போலோ இதனை விரிவாகக் கூறுகின்றார். தாமிரபரணி கடலொடு கலக்குமிடத்துக்கு அண்மையிலிருந்த காயல் துறைமுகத்திலே ஓர்மசு, கீசு, ஏடன் முதலிய இடங்களிலிருந்து குதிரை ஏற்றிய கப்பல்கள் வந்து சேர்ந்தன. அரசன் ஆண்டுதோறும் இரண்டாயிரத்துக்கு மேற்பட்ட குதிரைகளை வாங்குவான். அவன் உடன்பிறந்தாரும் அவ்வாறே வாங்குவர். ஆயின், ஆண்டு முடிவில் நூறு குதிரைதானும் எஞ்சுவதில்லையாம். காரணம் என்ன? குதிரையைப் பேணும் முறையை அந்நாட்டார் அறியார். குதிரைக்கு வைத்தியஞ் செய்வாரும் லாடம் அடிப்பாரும் அங்கு இலர். அத்தகையோர் அந்நாட்டிற் சென்று குடியேறாதவாறு குதிரை வணிகர் பார்த்துக்கொண்டனர் என்பது அவர் கூற்று. குதிரை நெடுநாள் வாழ்ந்தால் வணிகனுக்கு மறு ஆண்டு விற்பனை ஏது? சோற்றையும் இறைச்சியையும் சேர்த்துச் சமைத்துக் குதிரைக்கு ஊட்டினர் என்றும் அவர் எழுதியுள்ளார்.

அதே காலத்தை அடுத்து வாழ்ந்த பாரசீகச் சரித்திர ஆசிரியர் வசாபு, கீசுத் தீவின் வணிகத் தலைவன் ஆண்டொன்றுக்கு 1,400 குதிரைகளைப் பாண்டியனுக்கு அனுப்ப உடன்பட்டான் என்றும், குதிரை ஒன்றுக்கு 220 பொன் தீனாரம் விலையெனக் கொள்ளப்பட்டது என்றும் கூறுவர். அவர் தரும் மற்றொரு செய்தி நம் பொருளுக்கு மிக இன்றியமையாதது. வறுத்த வாற்கோதுமையையும் நெய்யிற் சமைத்த தானியத்தையும் தின்னக் கொடுத்து, காய்ச்சிய பசுப்பாலைக் குடிக்கக் கொடுத்து, குதிரை கொழுக்கட்டும் என்று நாற்பது நாள் கயிற்றாலும் முளையாலும் பிணித்து லாயத்தில் நிறுத்திவைப்பராம். நாற்பதாம் நாள் கழிந்ததும் எவ்வகைப் பயிற்சியும் இன்றிச் சேவகர் அதன்மேல் ஏறிப் பேய்போல் விரட்டுவராம். விரைவிலே வலிமையும் வேகமும் மிக்க குதிரைகள் தளர்ந்து, மந்தமுற்று, பயனற்றனவாயின என்பது வசாபின் கூற்று.

இவ்விருவரும் அந்நியர். வசாபு கேட்டறிந்ததை எழுதினார். தொகைகளில் மிகை இருத்தலுங் கூடும். எனினும், இருவர் கூற்றிலும் காணப்படும் நோய்க்காரணம் இன்றைய மிருக வைத்திய நூலோடு ஒத்திருத்தல் வியப்பைத் தருகின்றது. ஒவ்வாத உணவு, அசைவற்ற நீண்ட நிற்பு, அதன்பின் திடீரென்ற கடுவேலை என்னும் இம்மூன்றும் சேர்ந்தால் எந்நாட்டுக் குதிரையும் எக்காலத்தும் வீழ்ந்துபடும்.

குதிரை நூல் நம் நாட்டில் இல்லாமற் போகவுமில்லை. சாலிகோத்திரர் பெயராலும் நகுலன் பெயராலும் வடமொழியிலே அசுவ சாத்திரங்கள் வழங்கின. நகுலன் பெயரால் வழங்கும் நூலைத் தஞ்சைச் சரசுவதி மகால் நூல்நிலையத்தார் 1952 ஆம் ஆண்டிலே படங்களோடு அச்சிட்டு வெளியிட்டனர். வட இந்தியாவிலே குதிரை வைத்தியனைக் குறிக்கும் 'சாலோத்திரி' என்னுஞ் சொல் சாலிகோத்திரர் பெயரின் வழிவந்ததே. அறிவு ஏட்டில் இருந்தது. குதிரை கொட்டிலில் இருந்தது. ஏட்டையும் கொட்டிலையும் இணைக்கும் ஆள் இல்லாமையாற் பெரும்பொருள் மாண்டது. அதனினும் பெரிதாகப் பல்லாயிரம் உயிர் மாண்டன.

நான்கு உறுப்பும் மூன்று அளவும்

திருவள்ளுவர் 'மருந்து' என்னும் அதிகாரத்திலே, வைத்தியம் என்பது நோயாளி, வைத்தியன், மருந்து, அருகிருந்து பணிசெய்வோன் என்னும் நான்கனாலும் இயல்வது என வகுத்தார். நோயாளியின் நிலை, நோயின் நிலை, காலம் என்னும் மூன்றனையும் அளந்தறிந்தே பரிகாரஞ் செய்தல் வேண்டும் என்றும் விதித்தார். மக்களை நோக்கிச் சொல்லப்பட்ட இவ்விதிகள் குதிரைக்கும் பொருந்தும். இன்னுஞ் சிறப்பாகப் பொருந்தும் எனலாம். ஏனெனில், இங்கே நோயாளிக்கு வாய்ச்சொல் இல்லை. மனிதன் 'இங்கே நோகின்றது' என்பான். குதிரை காதைப் பின்னே மடக்கும், ஒரு காலை மாற்றி மாற்றி வைக்கும், தீனியை முகர்ந்துவிட்டு விலகும். அக்குறிப்பை அறிவோன் நாள்தோறும் அருகிருப்பவனே. ஆதலால், குதிரை வைத்தியத்திலே பணியாளனுக்கு வைத்தியனோடு ஒத்த மதிப்பு உண்டு.

உலகின் முதல் மிருக வைத்தியக் கல்லூரி பிரான்சு தேசத்து லியோன் நகரத்திலே 1761 ஆம் ஆண்டில் அரச ஆணையால் நிறுவப்பட்டது. அதனை நிறுவிய குளோட் பூர்சலா என்பார் அந்நகரத்துக் குதிரையேற்றப் பள்ளியின் தலைவர். குதிரையோடு நாள்தோறும் பழகிய ஆசான் ஒருவரே அதன் நோயை முறையாகக் கற்பிக்கும் கல்லூரிக்கும் வித்திட்டார்.

நாடியும் மூச்சும்

நலமுள்ள வளர்ந்த குதிரையின் உடல்வெப்பம் ஓய்வுநிலையில் 37.5 முதல் 38.5 பாகை சதமளவு வரை இருக்கும். நாடித்துடிப்பு நிமிடத்துக்கு 28 முதல் 44 வரை. மூச்சு 8 முதல் 16 வரை. கீழ்த்தாடை எலும்பின் உட்புறத்தே ஓடும் நாடியை விரல்நுனியால் உணரலாம். முரசின் நிறம் இளஞ்சிவப்பாய் ஈரத்தோடிருத்தல் நன்று. விலாவிற் செவிவைத்தாற் குடல் இரையும் ஒலி கேட்டல் வேண்டும். ஒலி அடங்கிப்போதல் ஆபத்தின் அறிகுறி. குதிரை தன் விலாவைத் திரும்பித் திரும்பிப் பார்த்து, நிலத்தைக் காலாற் கீறி, படுத்து உருளுமாயின் அது வயிற்றுநோவு. அப்பொழுது தாமதியாது மிருக வைத்தியரை அழைத்தல் வேண்டும். இவ்வெண்களை நலமாயிருக்கும் காலத்திலேயே நாள்தோறும் ஒரு கொப்பியிற் குறித்து வைப்பவனுக்கே நோய் தொடங்கும் நாள் புலப்படும்.

உணவு

குதிரையின் இரைப்பை அதன் உடலை நோக்க மிகச் சிறியது. மாடு போல் அது அசைபோடுவதில்லை. மனிதன் போல் வாந்தியெடுக்கவும் அதனால் இயலாது. இயற்கையில் அது பகலிரவாகச் சிறிது சிறிதாகப் புல் மேயும். அப்புல் பெருங்குடலிலே நுண்ணுயிர்களாற் புளித்துச் செரிக்கின்றது. தானியம் திடீரென மிகுதியாகச் சென்றால் அந்நுண்ணுயிர்களின் ஒழுங்கு குலைந்து, வயிற்றுநோவும் குளம்பு அழற்சியும் தோன்றும். நெய்யும் சோறும் ஊட்டிய பாண்டியன் லாயத்திலே நிகழ்ந்தது இதுவாதல் கூடும்.

நோயினின்றும் எழும் குதிரைக்கு அடிப்படை உணவு நல்ல புல்லும் வைக்கோலும் போன்ற நார்த்தீனியே. உடல் நிறையில் நூற்றுக்கு ஒன்றரை முதல் இரண்டு பங்கு வரை, அதாவது 400 கிலோ நிறையுள்ள குதிரைக்கு நாளொன்றுக்கு 6 முதல் 8 கிலோ வரை, உலர்ந்த தீனி வேண்டும். கொள்ளோ ஓட்சோ கொடுப்பதாயின் வேலை மிகுந்த பின்னரே மிகுத்தல் முறை. வேலை வருமுன்னே தீனியை மிகுத்தல் பிழை. வெப்பநாட்டிலே வேலை செய்யும் குதிரை நாளொன்றுக்கு 40 லீற்றருக்கு மேலும் நீர் பருகும். வேர்வையோடு செல்லும் உப்பையும் ஈடுசெய்தல் வேண்டும்.

ஈரப்பதம் மிக்க கொழும்பு போன்ற நகரங்களிலே வேறோர் இடரும் உண்டு. குளிர்நாட்டிலிருந்து வந்த சில குதிரைகளுக்கு வேர்த்தல் நின்றுபோகும். ஆங்கிலர் தம் பந்தயக் குதிரைகளை வெப்பநாடுகளுக்குக் கொணர்ந்தபோது இதனைக் கண்டனர். வேர்வை வாராத குதிரை உடல் கொதித்து மூச்சிரைக்கும். அதற்கு நிழலும் காற்றும் குளிர்நீருமே துணை. வேலையை விடியற்காலைக்கு மாற்றுதல் வேண்டும்.

குளம்பும் நாணும்

குளம்பு இல்லையேற் குதிரை இல்லை என்பது உலகெங்கும் குதிரை வளர்ப்போர் அறிந்த உண்மை. குளம்பின் வெளிச்சுவருக்கும் உள்ளேயுள்ள எலும்புக்கும் இடையே நூற்றுக்கணக்கான மெல்லிய தகடுகள் ஒன்றோடொன்று கோத்து நின்று குதிரையின் முழு நிறையையும் தாங்குகின்றன. அத்தகடுகள் அழலுமாயின் குளம்பு சுடும். குளம்புக்கு மேலுள்ள நாடி படபடக்கும். குதிரை முன்காலை நீட்டி உடலைப் பின்னே சாய்த்து நிற்கும். அந்நிலையில் அதனை நடத்துதல் கொடுமை. மெத்தென்ற படுக்கை, குளம்புக்குக் குளிர், தானியத்தை நிறுத்துதல், வைத்தியரும் லாடமடிப்பவரும் கலந்து செய்யும் திருத்தம் ஆகியவை வேண்டும். குளம்புச் சுவர் மாதத்துக்கு ஏறத்தாழ ஒரு சதமமீற்றரே வளரும். நுனிவரை புதிதாய் வளர ஓராண்டு செல்லும். ஆகவே, காலத்தை அளத்தல் என்று வள்ளுவர் கூறியது இங்கே எழுத்துக்கு எழுத்து உண்மையாகின்றது.

காலின் பின்புறத்தே ஓடும் நாண்கள் கிழிந்தால் அவை ஆறுதற்கு ஒன்பது மாதம் முதல் ஓராண்டுக்கு மேலும் ஆகும். வீக்கம் வற்றி, நொண்டுதல் மறைதற்குச் சில வாரமே போதும். இங்கேதான் பலர் ஏமாறுகின்றனர். வெளியே நோய் தீர்ந்தது. உள்ளே நாண் இன்னும் தழும்பாகிக்கொண்டிருக்கின்றது. முற்றிலும் அசையாது நிறுத்தினால் அத்தழும்பின் நார்கள் ஒழுங்கின்றிப் பின்னிக்கொள்ளும். அளவு கடந்து அசைத்தால் மீண்டும் கிழியும். அளவான நடையே நார்களை இழுவிசை செல்லும் வழியில் நேராக அடுக்குகின்றது. ஆதலால், இங்கே ஓய்வு ஒரு மருந்து. நடை மற்றொரு மருந்து. இரண்டையும் அளவறிந்து கலத்தலே பரிகாரம்.

மீண்டும் ஏறும் வழி

காய்ச்சலுக்குப் பின் எவ்வளவு ஓய்வு வேண்டும் என்று வினவுவார்க்கு மிருக வைத்தியர் கூறும் வழக்கமான விதி ஒன்றுண்டு. காய்ச்சல் நின்ற நாளொன்றுக்கு ஒரு வாரம் என்ற கணக்கில் ஓய்வு கொடுத்தல் என்பதே அது. மூச்சுக்குழாயைப் பற்றும் தடிமற் காய்ச்சலுக்குக் குறைந்தது மூன்று வாரமாவது வேலை நீக்குவர். கடிக்கும் ஈக்களாற் பரவும் 'சுறா' என்னும் குருதிநோயோ குதிரையை வற்றச்செய்து நெடுநாள் தளர்த்திவிடும். அந்நோயின் நுண்ணுயிரைக் கிறிபித்து எவன்சு என்னும் மிருக வைத்தியர் 1880 ஆம் ஆண்டிலே அன்றைய இந்தியாவின் வடமேற்கு எல்லையிற் கண்டறிந்தார்.

காலூறுபட்ட குதிரையை மீட்கும் படிகளைச் சுருக்கிக் கூறுவாம். முதலாவது, கையிற் பிடித்து நடத்தல். நாளுக்குப் பத்து நிமிடத்திற் தொடங்கி, வாரந்தோறும் ஐந்து நிமிடமாக மிகுத்தல். இரண்டாவது, ஏறி நடத்தல். உறுதியான, மேடுபள்ளமற்ற நிலத்திலே நேர்வழியாக மட்டும் செல்லுதல். வட்டமிடுதல் கூடாது, ஏனெனில் வளைவிலே ஒருபக்கக் கால்கள் மிகுதியாகச் சுமக்கும். மூன்றாவது, ஓரிரு நிமிடம் மெல்லோட்டம். பின் சிறிது சிறிதாக மிகுத்தல். நான்காவது, பாய்ச்சல். தாண்டுதலும் கூரிய திருப்பமும் எல்லாவற்றுக்கும் இறுதியில் வருவன. ஒவ்வொரு படி ஏறுமுன்னும் வைத்தியர் ஒலியலைப் படத்தினால் நாணைப் பார்த்து ஒப்புதல் தருதல் நன்று.

இப்படிகளுக்கு மூன்று நிபந்தனைகள் உள. ஒரே நாளில் இரண்டனை மிகுத்தலாகாது. நேரத்தை மிகுத்தால் வேகத்தை மிகுத்தல் கூடாது. இரண்டாவது, வேலையின் பயனை அன்று மாலையில் அன்றி மறுநாட் காலையில் ஆராய்தல் வேண்டும். காலைத் தடவிப் பார்க்கையில் வெப்பமோ வீக்கமோ தோன்றின், முந்தின படிக்கு இறங்குதல் வேண்டும். மூன்றாவது, இறங்க நேர்ந்ததைத் தோல்வியாகக் கொள்ளலாகாது. அவசரப்படுவோனே பெரும்பாலும் தொடக்கத்துக்குத் திரும்புகின்றான்.

நோயிற் கிடந்த குதிரையின் முதுகுத்தசை வற்றியிருக்கும். முன்னே பொருந்திய சேணம் இப்பொழுது எலும்பின்மேல் அமர்ந்து புண்படுத்தும். ஆதலாற் சேணத்தைப் புதிதாகப் பொருத்திப் பார்த்தல் அவசியம். ஏறுவோனும் சேணமும் சேர்ந்த நிறை குதிரை நிறையில் ஐந்திலொரு பங்குக்கு மேற்படலாகாது என்பது பொதுவாகக் கொள்ளப்படும் எல்லை; நோயினின்றும் எழுந்ததற்கு அதனினுங் குறைவே தகும்.

'கொள்ளென்றால் வாய் திறக்குமாம், கடிவாளமென்றால் வாய் மூடுமாம்' என்பது நம்மிடை வழங்கும் பழமொழி. உண்ண விரும்பி உழைக்க விரும்பாத சோம்பரைப் பழிக்க இதனை எடுத்தாள்வர். மனிதனைப் பற்றிய அளவில் அப்பழி பொருந்தலாம். குதிரையின் செய்தி வேறு. அதன் பற்கள் வாழ்நாளிற் பெரும்பகுதியும் முரசினின்றும் மெல்ல வெளிவந்து தேய்வன. தேய்வு ஒவ்வாதவிடத்து ஓரங்கள் கூராகி, கடிவாளம் இழுபடுங்கால் கன்னத்தை அறுக்கும். வாயை மூடுகின்ற குதிரை சோம்பியதன்று; நோகின்றது எனத் தன்னால் இயன்றவாறு சொல்லுகின்றது. சேணத்தைக் கண்டதும் விலகுதல், வாரை இறுக்குங்காற் கடிக்க வருதல் ஆகியவற்றையும் முதலில் நோவின் மொழியாகவே கொள்ளல் வேண்டும். அடித்துப் பணியவைத்தால் நோவு தீராது. அச்சம் மட்டும் கூடும். குதிரைக்கு நினைவாற்றல் மிகுதி. நொந்த இடத்தை அது மறவாது. நோகாத நாட்கள் பல அடுத்தடுத்து வந்தபின்னரே அதன் மனம் ஆறும்.

மீண்ட இரண்டும் மீளாத ஒன்றும்

இங்கிலாந்திலே லிவர்ப்பூல் நகரத்தை அடுத்த எயின்றீயில் ஆண்டுதோறும் நிகழும் 'கிறாண்ட் நாசனல்' என்னும் தாண்டற்பந்தயம் நீளத்தாலும் தடைகளாலும் மிகக் கடியது. 'றெட் றம்' என்னும் குதிரை 1972 ஆம் ஆண்டிலே 6,000 கினிக்கு வாங்கப்பட்டபோது, அதன் குளம்பெலும்பு அழற்சியுற்றிருந்தது பின்னரே தெரியவந்தது. அதனைப் பழக்கிய கின்சர் மக்கெயின் என்பார் சவுத்போட்டுக் கடற்கரையிலே லாயம் வைத்திருந்தவர். அவர் குதிரையைக் கடல்நீரில் நடத்தினார், ஈரமணலில் ஓட்டினார். குளிர்நீர் அழற்சியைத் தணித்ததும், ஈரமணல் குளம்பில் விழும் அடியைக் குறைத்ததும் நன்மை பயந்திருக்கலாம். அக்குதிரை 1973, 1974, 1977 ஆகிய மூன்று ஆண்டுகளிலும் அப்பந்தயத்தை வென்றது. இடைப்பட்ட இரண்டு ஆண்டுகளிலும் இரண்டாவதாக வந்தது. முப்பது வயதுவரை வாழ்ந்து 1995 ஆம் ஆண்டில் இறந்தது.

'அல்தனிற்றி' என்னும் குதிரையின் செய்தி இன்னும் உருக்கமானது. அதன் முன்கால் நாண் பலமுறை பழுதுற்றது. 1979 ஆம் ஆண்டின் இறுதியில் நேர்ந்த ஊறு அதன் ஓட்டத்துக்கே முடிவென்று கருதப்பட்டது. அதே ஆண்டில் அதனை ஓட்டிவந்த பொப் சம்பியன் புற்றுநோயுற்று, கடுமருந்தால் நலிந்து, வைத்தியசாலையிற் கிடந்தார். குதிரை ஓரிடத்தும் மனிதர் ஓரிடத்துமாகப் படிப்படியாகத் தேறினர். 1981 ஆம் ஆண்டு ஏப்பிரல் மாதம் 4 ஆம் திகதி இருவரும் சேர்ந்து கிறாண்ட் நாசனல் பந்தயத்தை வென்றனர். அவ்வெற்றி பலராலும் பாராட்டப்பட்டது. ஆயின், அதற்குமுன் சென்ற ஓராண்டுக்கு மேற்பட்ட காலத்தில், நாள்தோறும் அக்குதிரையின் காலைத் தடவிப் பார்த்து, கையிற் பிடித்து நடத்தியவர்களின் பணியே அவ்வெற்றிக்கு வேராயிருந்தது.

எல்லாக் குதிரையும் மீளுவதில்லை என்பதையும் மறைத்தலாகாது. 2006 ஆம் ஆண்டிலே அமெரிக்காவின் கென்றக்கிப் பந்தயத்தை வென்ற 'பாபறோ' இரு வாரத்துள் மற்றொரு பந்தயத்திற் பின்கால் முறிந்தது. தேர்ந்த வைத்தியர் அறுவை செய்து எலும்பைப் பொருத்தினர். எலும்பு ஆறியும் வந்தது. ஆயினும், நோயுற்ற காலைக் காக்க மற்றைக் காலின்மேற் பாரம் முழுதும் சென்றமையால் அந்நற்காலின் குளம்பு அழன்று கெட்டது. 2007 சனவரியில் அதனை நோவின்றி உயிர்நீக்கவேண்டியதாயிற்று. செல்வமும் கலையும் நிறைந்த இடத்தும் நோயின் அளவு பெரிதாயின் வைத்தியம் தோற்கும். சில குதிரைகள் உயிர்பிழைத்தும் ஏறுதற்குத் தகுதியற்றிருக்கும். அவற்றைப் புல்வெளியில் ஓய்வாக விடுதலும் மீட்சியே. மனிதனைச் சுமந்தால்தான் உயிர்வாழலாம் என்னும் விதி குதிரைக்கு எவரும் இட்டதன்று.

நம் நாட்டிலே

ஈழத்துத் தமிழர்க்கு உரிய குதிரைநிலம் ஒன்று உண்டு. அது நெடுந்தீவு. போர்த்துக்கேயர், ஒல்லாந்தர் காலங்களிற் கொணர்ந்து வளர்க்கப்பட்ட குதிரைகளின் வழிவந்தவை அங்கே இன்றும் கட்டற்றுத் திரிகின்றன. ஆங்கிலர் ஆட்சியின் தொடக்கத்திலே நோலன் என்னும் அதிகாரி அங்கிருந்து குதிரை வளர்ப்பை நடாத்தினார். பழைய லாயத்தின் கற்றூண்கள் இன்றும் நிற்கின்றன. அம்மட்டக்குதிரைகளுக்குச் சேணமும் இல்லை, கடிவாளமும் இல்லை. அவற்றுக்கு வேண்டிய மருந்து தண்ணீர். மழை பொய்த்து, குளங்கேணிகள் வற்றும் ஆண்டுகளில் அவை தாகத்தால் வீழ்ந்து மடிகின்றன. ஊரவர் நீர் வார்த்துச் சிலவற்றைக் காக்கின்றனர். ஒரு காலத்தில் மனிதன் தன் பயன்கருதிக் கடல் கடந்து கொணர்ந்த உயிர், அவன் பயன் தீர்ந்தபின் தாகத்தால் மடிதல் தகுமோ? தொட்டியில் நீர் நிரப்புவோனும் வள்ளுவர் கூறிய நான்காம் உறுப்பாகிய பணியாளனே.

கொழும்பிலோ நுவரெலியாவிலோ குதிரையைக் காணும் இளைஞர், ஏறுமுன் அதன் காலையும் முதுகையும் ஒருமுறை நோக்குவாராக. நொண்டுகின்றதாயின், விலாவெலும்பு தெரிகின்றதாயின், சேணத்தின் கீழ்ப் புண் தோன்றுகின்றதாயின் ஏறாது விடுதலே அறம். அதுபோலவே, நோய் தீர்ந்து வரும் எவ்வுயிர்க்கும் ஒரு தவணை வேண்டும். டெங்குக் காய்ச்சலினின்றும் எழுந்து வகுப்புக்கு மீண்ட மாணாக்கன்மேல் மூன்று வாரப் பாடத்தையும் ஒரே நாளிற் சுமத்தும் ஆசிரியர், பாண்டியன் லாயத்துச் சேவகரினும் வேறுபட்டவர் ஆகார்.

பழைய மாணவருள் வைத்தியர் உளர்; பேராதனையிலே மிருக வைத்தியம் கற்றோரும் கற்பிப்போரும் உளர்; வணிகரும் அரச பணியாளரும் உளர். இவருள் எவரேனும் நோயுற்ற வாயில்லா உயிரொன்றன் அருகே நிற்க நேருமாயின், மூன்றனை நினைவிற் கொள்வாராக. நோய் நீங்குதல் வேறு, வலிமை மீளுதல் வேறு. இரண்டுக்கும் இடையிலுள்ள காலத்தைப் பொறுமையோடு கடத்துவதே பரிகாரத்தின் பெரும்பகுதி. பரியைப் பேணுவோன் பரிகாரியாகவும் இருத்தல் வேண்டும் என்பதைப் பாண்டிநாட்டுக் குதிரைகள் தம் உயிரைக் கொடுத்து உணர்த்திச் சென்றன. அப்பாடத்தை நாம் உயிரிழப்பின்றிக் கற்போமாக.